சொந்த ஊர் எது?

கோத்தகிரியில் என்னோடு படித்தவர்களில் பலர் 'சிலோன்காரர்' வீட்டுப் பிள்ளைகள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நாடற்ற தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. அந்தக் கணக்கில் வந்த குடும்பங்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு இலங்கை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அதில் ஏறாமல் தங்கிவிட்ட உறவுகளின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யத்தான் கண்டிக்குப் போகத் தொடங்கினேன்.

முதல் பயணத்திலேயே பிழை செய்தேன். ஹேவாஹெட்ட பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பெரியவர் ஒருவரிடம், "சொந்த ஊர் எதுங்கய்யா?" என்றேன். நம்மூரில் எவரிடமும் கேட்பதுதான். அவர் முகம் இறுகிவிட்டது. "பதிவுக்கு வந்தீங்களா?" என்றார். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்த நாள் முதல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்ட கேள்வி அது. திருச்சி என்றால் இந்தியாக்காரன். இந்தத் தோட்டம் என்றால் தாளைக் காட்டு.

அதன்பின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். "முதல்ல கொழுந்து எடுத்தது எந்த மலையில?" வாய் திறக்குமுன் விரல்கள் அசைந்துவிடும். அஞ்சாம் நம்பர் மலை, கங்காணியின் அதட்டல், காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்துக் குளிர் எல்லாம் தாமாக வரும். ஆண்டு கேட்பதில்லை. 'பஞ்சம்' என்றால் 1973, 74. 'கலவரம்' என்றால் மட்டும் பொறுத்திருக்க வேண்டும்: 77-ஆ, 83-ஆ என்பது எந்தப் பிள்ளை அப்போது இடுப்பில் இருந்தது என்ற பேச்சில் தெரிந்துவிடும்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஊதுபத்தி விற்கும் சிறுவர்களிடம் இந்த வழி செல்லாது. பெயர் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒரே பையன் மறுநாள் வேறு பெயர் சொல்வான். முன்பின் தெரியாதவனிடம் அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே ரெக்கார்டரையும் கேமராவையும் வெளியே எடுப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. அடுத்த மாதம் போனபோது, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பங்கள். எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் சொப்பிங் பேக் ஒன்றை மடியிலிருந்து இறக்கவேயில்லை. மண் சரிந்த இரவில் அவர் தூக்கிக்கொண்டு ஓடியது அதை மட்டும்தான். அடையாள அட்டை, 2003 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கிடைத்த பிரஜாவுரிமைத் தாள், அப்பா தோட்டத்தில் வேலை செய்ததற்குச் சான்றான பத்துச்சீட்டு. வீட்டுப் பத்திரம் இல்லை. அங்கே அதை 'உறுதி' என்பார்கள். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறை குடியிருந்தாலும் உறுதி கிடையாது. இழந்த வீட்டைத் தன் வீடு என்று எந்தத் தாளைக் காட்டிச் சொல்வார்?

தாள்கள் இன்னும் ஈரமாக இருந்தன. "காய வைக்கலாமா, பாட்டி?" என்றேன். வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளின் மேசைகளில் விரித்தோம். பறக்காமலிருக்கச் சாக்பீஸ் துண்டுகளைப் பாரம் வைத்தேன். பத்துச்சீட்டில் மை கரைந்து, அப்பாவின் பெயரில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

"அது போனா போகுது தம்பி. அவரு எந்தெந்த மலையில கவ்வாத்து வெட்டுனாருன்னு நான் சொல்றேன், எழுதிக்க" என்றார்.

நாற்பது நிமிடம் பேசினார். பதிவில் பாதி மின்விசிறிச் சத்தம். நீக்காமல் வைத்திருக்கிறேன்.