'ஆனபடியா' என்ற சொல்

2020 ஊரடங்கு நேரம் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அடிக்கடி சுத்தின செய்தி ஒன்று: "கொரோனா கடுமையா வந்த ஆக்களின்ர ரத்தத்தில விற்றமின் டி குறைவாம். ஆனபடியா குளிசை போடுங்கோ, வெயிலில நில்லுங்கோ."

முதல் பாதி பொய்யில்லை. பல நாடுகளில் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது அப்படித்தான் இருந்தது. பிரச்சினை அந்த 'ஆனபடியா'வில்தான்.

உடம்பு விற்றமின் டியை பெரும்பாலும் தோலில் படும் வெயிலைக் கொண்டுதான் தயாரிக்கிறது. அப்ப அது ஆருக்குக் குறையும்? வெளியில் போகாத வயோதிபர்களுக்கு, நீண்டநாள் வருத்தக்காரருக்கு, உடற்பருமன் கூடியவர்களுக்கு. கொரோனா மோசமாகத் தாக்கியதும் இவர்களைத்தான். அதோட, உடம்பில் கடும் அழற்சி வந்தாலே இரத்தத்தில் அந்த அளவு இறங்கும். குறைபாடு நோயைக் கூட்டியதா, நோய் அளவைக் குறைத்ததா, இல்லாட்டி முதுமை ரெண்டுக்கும் காரணமா? ஒருக்கா எடுத்த இரத்தச் சோதனை இதைச் சொல்லாது.

கொடுத்துத்தான் பார்க்கவேணும். பிரேசிலின் சாவோ பாவுலோவில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரே தடவையில் 200,000 அலகு விற்றமின் டி. மற்றப் பாதிக்கு மருந்தில்லாத திரவம். 2021இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களின் இரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் குறையவில்லை. பிரித்தானியாவில் 6,000க்கும் மேற்பட்டவர்களோடு நடந்த இன்னொரு ஆய்வில், அளவு குறைந்தவர்களுக்குக் குளிசை கொடுத்தும் தொற்று குறையவில்லை.

விற்றமின் டி தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எலும்புக்கு அது கட்டாயம் வேணும். குறைபாடு இருந்தால் டொக்டர் சொல்லுற அளவில் எடுக்கத்தான் வேணும். கேடயம் எண்டு நம்பி அள்ளிப் போட்டால் இரத்தத்தில் கல்சியம் கூடி சிறுநீரகம் பழுதாகலாம்.

கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு இது ஏன்? அம்மம்மாவுக்கு முழங்கால் ஏலாது. வாசற்படி இறங்கியே ரெண்டு வருசம். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து அவவை ஆஸ்பத்திரியில் விட்ட அண்டைக்கு, சொந்தக்காரர் ஒருத்தர் போன் எடுத்து அம்மாவிடம் கேட்டார்: "மனுசியை வெயிலில விடேல்லையோ?" அம்மா ஒண்டும் சொல்லேல்லை. இரவு முழுக்க அழுதா. அந்த 'ஆனபடியா' ஒரு வீட்டுக்குள் வரும்போது இப்படித்தான் குற்றச்சாட்டாக மாறுது.

இரத்த அறிக்கையில் இருக்கிற குறைந்த எண், ஒரு ஆள் எங்கே, எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்லலாம். அவர் ஏன் படுக்கையில் விழுந்தார் என்பதை அது தனியச் சொல்லாது.

"இன்னது குறைஞ்ச ஆக்களுக்கு இன்ன வருத்தம்" எண்டு செய்திகள் இனியும் வரும். பகிர முதல் ஒரு கேள்வி போதும்: அதைக் கொடுத்துப் பார்த்தவையோ?