அசதியின் சாட்சியம்

நோய்களுள் அசதிக்குத் தனியானதொரு குறை உண்டு. நோயாளியின் வாய்மொழியே அதற்குச் சாட்சி. காய்ச்சலை வெப்பமானி காட்டும். முறிந்த எலும்பை எக்ஸ் கதிர் காட்டும். அசதியோ, சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தே நோயாகவோ சோம்பலாகவோ கொள்ளப்படுகின்றது.

கலஹாவில் தோட்டத்து லயமொன்றில் வளர்ந்த எனக்கு இது புதிதன்று. கொழுந்து பறிக்கும் என் பெரியம்மா, ஒரு காய்ச்சலின் பின்னர், ஒருநாள் மலையேறினால் மறு இரு நாள் எழமுடியாது கிடந்தார். கொழுந்தின் நிறை குறைந்த நாள்களில் அரைப்பேர்தான் விழுந்தது. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் ஒருவர், குறையெல்லாம் மனத்தில்தான், வேலைக்குப் போனால் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்.

இத்தகைய தீர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1955 இல் இலண்டன் றோயல் பிறீ மருத்துவமனையில் ஏறத்தாழ முந்நூறு ஊழியர் இனந்தெரியா நோயுற்றனர். 1970 இல் மக்எவெடி, பியர்ட் என்னும் உளமருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் படித்து, அது கூட்டு மனக்கிளர்ச்சியே என்றனர். நோயுற்றோருட் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்தம் சான்றுகளுள் ஒன்று.

2011 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான 'பேஸ்' ஆய்வு, 641 நோயாளரைக் கொண்டு, உளச்சிகிச்சையும் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் பயன்தரும் என்றது. நோயாளரே முன்னின்று அதனை ஆராய்ந்தனர். உடலியக்கப் புள்ளி 65 உடன் ஆய்விற் சேர்ந்தவர் 60 க்கு இறங்கினும், அந்த ஓர் அளவுகோலிற் குணமடைந்தவராகலாம் என்பதை எடுத்துக்காட்டினர். 2016 இல் தீர்ப்பாயமொன்று தரவுகளை வெளியிடப் பணித்தது. 2021 இல் பிரித்தானிய 'நைஸ்' நிறுவனம் அப்பயிற்சியைக் கைவிட்டது. உளச்சிகிச்சை இந்நோயைத் தீர்க்கும் மருந்தன்று என்றும் கூறியது.

இதனால் உளமருத்துவம் பகையென்று கொள்ளலாகாது, மனநோயும் நோயே. நம் நாட்டில் அதுல சுமதிபால முதலியோர், காரணம் புலப்படாத உடல் முறைப்பாடுடைய 150 பேரிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. உளச்சிகிச்சை பெற்றோர், ஒழுங்காக வைத்தியரின் கவனிப்பைப் பெற்றோரைவிட அதிக பயன் அடையவில்லை.

உழைப்பைத் தராசில் நிறுக்கும் மலையகத்தில், அசதியை நம்ப மறுத்தல் கூலியையும் பறிக்கின்றது. காரணம் அறியாதவிடத்து, 'அறியேன்' என்பதே வைத்தியரின் நேர்மை. மனத்தின்மேற் பழிபோடுவது அறிவியலாகாது.