பில் வேணுமா, சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாங்க யோசிப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். யாரையும் கேவலப்படுத்துவது எங்கள் நோக்கமில்லை. அதனால் கராஜின் பெயரும் இடமும் இதில் இல்லை. எங்கள் பிழையையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

நாங்கள் கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள், முகத்துவாரத்தில் இருக்கிறோம். 2018இல் லீசிங் போட்டு ஒரு பழைய ஆல்ட்டோ 800 வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபா விழுந்தது. சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் வாசலில் நிற்கும் அந்தச் சின்னக் காரின் விலை நாங்கள் வாங்கினதைவிட எங்கேயோ போய்விட்டது. இது போனால் இன்னொன்று வாங்க எங்களால் ஆகாது என்ற பயம் அன்றிலிருந்து மனதுக்குள் இருந்தது. கராஜில் எங்களைக் கவிழ்த்தது அந்தப் பயம்தான்.

2024இல் ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது இங்குருக்கடைச் சந்தியில் கண்டெய்னர் லொறிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். அரை மணித்தியாலம் போயிருக்கும். பொனட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினோம். தெரிந்த ஒருவர் ஒரு கராஜ்காரரின் நம்பர் தந்தார். "நல்ல பொடியன், எங்கட ஆள்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே நாங்கள் பாதி சம்மதித்துவிட்டோம்.

அவர் பொனட்டைத் திறந்தார், ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சேர், எஞ்சின் முடிஞ்சி. ஹெட் கஸ்கட் போய், ரிங்கும் போய். ஓவர்ஹோல் பண்ணாம ஓட்டினா சீஸ் ஆகிரும். பிறகு எஞ்சினே மாத்தணும்."

சாமான், கூலி எல்லாமாக 195,000 ரூபா என்றார். எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். உடனே, "பில் வேணுமா, சேர்? பில் இல்லாட்டி 180க்கு முடிச்சித் தாறன்" என்றார்.

பதினைந்தாயிரம் மிச்சம். நாங்கள் பில் வேண்டாம் என்றோம்.

பத்து நாளில் கார் வந்தது. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. மற்றவரைச் சந்தேகப்படுவது போல இருக்குமே என்ற கூச்சம் வேறு. அது பாடசாலை விடுமுறைக் காலம். கார் பெரிதாக எந்த நெரிசலிலும் நிற்கவில்லை. நன்றாகத்தான் ஓடியது. விடுமுறை முடிந்து இரண்டாவது வாரம், அதே இங்குருக்கடைச் சந்தி, அதே ஆவி.

கராஜுக்குப் போனோம். "நான் செஞ்ச வேலை சரி சேர், இது வேற பிரச்சினை" என்றார். செய்த வேலைக்குப் பில் இருக்கிறதா என்றும் அவரே கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு மட்டும்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். "ரேடியேட்டருக்குள்ள லீக் அடைக்கிற மருந்து ஒண்டு ஊத்தித் தாறன். ஒண்டு ரெண்டு மாசம் தாங்கும். இப்ப நல்ல விலை போகுது. வித்திருங்க."

உண்மையைச் சொன்னால், அந்த யோசனை எங்களுக்குப் பிடித்திருந்தது. வேறு வழியும் தெரியவில்லை. மருந்தை ஊற்றச் சொன்னோம். இரண்டே நாளில் ஒருவர் வந்து பார்த்தார். இளம் வயது, கைக்குழந்தையோடு மனைவியும் வந்திருந்தா. வாடகை ஓட்டத்துக்குப் போடப்போவதாகச் சொன்னார். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார், திருப்தி. "போன மாசம்தான் எஞ்சின் செஞ்சது" என்று நாங்கள் சொன்னோம். பொய்யில்லை. உண்மையும் இல்லை. அடுத்த நாள் அட்வான்ஸ் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு சாப்பிடும்போது உம்மா கேட்டா, "அந்தப் புள்ளைக்கிட்ட கார் சூடாகுற விஷயத்தச் சொன்னீங்களா?"

இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நனைந்த தானியத்தைப் பற்றிய ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் விற்பனைக்கு வைத்திருந்த தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் எல்லோரும் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மோடு சேர்ந்தவரல்லர் என்ற கருத்தையும் சொல்லிவிடுகிறார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம். அந்த வியாபாரியின் இடத்தில் எப்போதும் கராஜ்காரரைத்தான் நாங்கள் வைத்துப் பார்த்திருக்கிறோம். அன்றிரவுதான் ஈரத் தானியம் எங்கள் வாசலில் நிற்பது தெரிந்தது.

காலையில் அந்தத் தம்பிக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஜஸாகல்லாஹ் சேர்" என்று வைத்துவிட்டார். திரும்பி வரவில்லை. வரவும் மாட்டார் என்று தெரியும்.

அதற்குப் பிறகு அலுத்மாவத்தைப் பக்கம் ஒரு வயதான பாஸிடம் போனோம். போர்ட் கிடையாது, தகரக் கூரைதான். அவர் பொனட்டைத் திறக்க முன்னமே ஒரு கேள்வி கேட்டார். "ஓடும்போது சூடாகுதா, நிக்கும்போது சூடாகுதா?"

நிற்கும்போதுதான்.

எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவே இல்லை. ஓடும்போது முன்னால் வரும் காற்று ரேடியேட்டரைக் குளிராக்கும், நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்யவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே பழுதாகியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாமான். முதல் நாளே அதை மாற்றியிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் இரண்டாவது தடவை சூடானதில் ஹெட் கஸ்கட் உண்மையிலேயே போய்விட்டது. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஹெட்டைக் கழற்றி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கஸ்கட் மட்டும் புதிது, அதுவும் மட்டமானது. பிஸ்டன் தலையில் வருஷக்கணக்கில் படிந்த கரி. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்த அடையாளமே இல்லை. அலுமினியம் ஹெட் சூட்டில் வளையும், மட்டம் பார்க்காமல் கஸ்கட் போட்டால் நிற்காது என்றார். ஓவர்ஹோல் என்று நாங்கள் கொடுத்த காசுக்கு நடந்த வேலை இவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தைக்கு எங்களையே அனுப்பினார். பழைய கஸ்கட்டைக் கையில் தந்து, "இதக் காட்டி வாங்குங்க. ஒரிஜினலா, தாய்வானா, சைனாவா எண்டு கேப்பாங்க. கடை பில்லோட வாங்கிட்டு வாங்க" என்றார். ஒரே சாமானுக்கு மூன்று விலை இருப்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். கூலியை மூன்று மாதத்தில் கட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், இன்றும் அந்தக் கார்தான் ஓடுகிறது.

நாங்கள் காசு கொடுத்துப் படித்ததை நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்:

1. "எஞ்சின் முடிஞ்சி" என்று யாராவது சொன்னால் முதலில் கொம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அழுத்தம் கூடினால் ரிங் பக்கம் தேய்மானம். கூடாவிட்டால் வால்வையோ கஸ்கட்டையோ பாருங்கள்.

2. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. சூடேறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

3. கழற்றிய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை தொடங்க முன்னமே சொல்லிவிட்டால் கூச்சமும் இருக்காது.

4. பில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். சேவையில் பிழை என்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அதிகார சபையின் இலக்கம் 1977. நாங்களும் முறைப்பாட்டை எழுத உட்கார்ந்தோம். எதை இணைத்து அனுப்புவது? சிகரெட் அட்டையையா?

பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கப்போய் எங்கள் வாயை நாங்களே கட்டிக்கொண்டோம். அவர் எங்களை ஏமாற்றினார், உண்மைதான். ஆனால் அந்த ஏமாற்று எங்கள் வீட்டு வாசலால் வெளியே போய் ஒரு கைக்குழந்தைக்காரரின் தலையில் விழ ஒரு இரவுதான் மிச்சமிருந்தது. உம்மா கேட்டிராவிட்டால் விழுந்திருக்கும்.

அந்தத் தம்பி இதை வாசிக்கக்கூடும். "போன மாசம்தான் எஞ்சின் செஞ்சது" என்று சொன்னதற்கு எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல வாகனமாகக் கொடுக்கட்டும்.

வஸ்ஸலாம்.