ஸ்மித்பீல்டு ஊரின் பண்டிகை ஹாம்

அமெரிக்கா என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது நியூயார்க் நகரின் வானளாவிய கட்டடங்களும் ஹாலிவுட் நட்சத்திரங்களும்தான். அந்த நாட்டின் பழைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போக வேண்டும். மலாயாவில் முதல் ரப்பர்த் தோட்டம் போடப்படுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே தோட்டங்கள் இருந்தன. மேட்டில் துரை வீடு. பள்ளத்தில் வேலையாட்களின் குடிசைகள். பயிர் மட்டும் வேறு. அது புகையிலை.

அந்த மாநிலத்தில் பேகன் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ஸ்மித்பீல்டு. 1752ஆம் ஆண்டில் அமைந்த ஊர். இதன் பெயரைச் சொன்னாலே அமெரிக்கர் பலருக்கு நாக்கில் நீர் ஊறும். காரணம், ஹாம். பன்றியின் பின்னந்தொடையை உப்பில் புதைத்து, புகை காட்டி, மாதக் கணக்கில் தொங்கவிட்டுப் பக்குவம் செய்தால் அதுவே ஹாம். நமக்குத் தீபாவளியன்று ஆட்டுக்கறி எப்படியோ, அப்படி அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளில் ஹாம். அதை அப்படியே மேசைக்குக் கொண்டுவர மாட்டார்கள். மேலே சீனிப்பாகு பூசி, கிராம்பு குத்தி, தேன் நிறத்தில் மின்னும்படி சுட்டு எடுப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பூச்சைப் பற்றியது. பன்றி இறைச்சி தொடாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பூச்சில் இறைச்சி ஏதும் இல்லை. அதில் இருப்பது நம்முடைய கதை.

ஆற்றைக் கடந்து

ஸ்மித்பீல்டுக்குப் பல வழிகள் உண்டு. நான் போனது ஜேம்ஸ்டவுன் வழியாக. 1607ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்து குடியேறி, அமெரிக்காவில் நிலையாகக் காலூன்றிய முதல் இடம் அதுதான். அங்கிருந்து ஜேம்ஸ் ஆற்றைக் கடக்க ஒரு பெரி ஓடுகிறது. கட்டணம் கிடையாது. அந்நாளில் பினாங்கு பெரி கார்களை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுமே, அதே போல் கார்களும் ஆட்களும் ஏறிக்கொள்ள, கடற்பறவைகள் பின்னாலேயே பறந்து வருகின்றன.

இதே ஆற்றங்கரையில், ஜேம்ஸ்டவுனுக்குச் சற்றுக் கீழே, பன்றித் தீவு என்று பெயர் பெற்ற ஓர் இடம் உண்டு. முதலில் வந்த ஆங்கிலேயர் தங்கள் பன்றிகளை அங்கே அவிழ்த்துவிட்டார்கள். வேலி கட்ட வேண்டிய அவசியமில்லை, தண்ணீரே வேலி. அவை பெருகின. இறைச்சியைக் கெடாமல் வைக்க உப்பும் புகையும் உதவின.

இதே ஆறு கடலில் சேரும் முனையில்தான் 1619ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கர்களை ஏற்றிய கப்பல் ஒன்று வந்து நின்றது. இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் இறக்கி விற்கப்பட்டார்கள். அதன்பின் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை வர்ஜீனியாவின் புகையிலை அவர்கள் முதுகில்தான் விளைந்தது. பெரிய தோட்டத்து வீடுகளில் சமையற்கட்டும் அவர்கள் பொறுப்பு. புகைக்கூடத்தில் உப்புத் தடவியதும், விறகு வைத்துப் புகை போட்டதும் அவர்களே.

பித்தளைப் பட்டை கட்டிய ஹாம்

ஸ்மித்பீல்டின் பிரதான வீதியில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் வட்டாரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. சிறியதுதான். ஆனால் உள்ளே வைத்திருக்கும் பொருளைப் பார்த்தால் சிரிப்பதா வியப்பதா என்று தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள், காய்ந்த மரக்கட்டையைப் போல, 1902ஆம் ஆண்டில் பக்குவம் செய்த ஒரு ஹாம்! கூடத்தின் உத்தரத்தில் தொங்கவிட்டதை எடுக்க மறந்துவிட்டார்களாம். இருபது ஆண்டுகள் கழித்தும் கெடாமல் இருந்ததைக் கண்ட முதலாளி, அதற்குப் பித்தளையில் கழுத்துப் பட்டை செய்து மாட்டி, வளர்ப்புப் பிராணியைப் போல ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டினாராம். பக்கத்திலேயே 1890ஆம் ஆண்டு என்று எழுதிய ஒற்றை நிலக்கடலையும் இருக்கிறது.

கடலைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஸ்மித்பீல்டு ஒரு காலத்தில் கடலை வாணிபத்துக்கும் பேர்போன ஊர். 1921இல் ஏற்பட்ட பெருந்தீயில் கடலைக் கிடங்கு சாம்பலான பிறகுதான் அந்த வாணிபம் வேறு ஊருக்குப் போனது. அறுவடை முடிந்த கடலைக் காட்டில் பன்றிகளை மேயவிடுவார்கள். கடலை தின்ற பன்றியின் கொழுப்புக்குத் தனிச் சுவை. 1926இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டமே போட்டது: கடலை தின்று வளர்ந்த பன்றியின் தொடையை, இந்த ஊர் எல்லைக்குள் பக்குவம் செய்தால்தான் ‘ஸ்மித்பீல்டு ஹாம்’ என்று பெயர் வைக்கலாம். கடலை பற்றிய விதி பின்னாளில் எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கடலையும் அந்த மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமைக் கப்பல்களின் வழியாக அங்கே வந்து சேர்ந்த பயிர் அது.

பூச்சு காய்ச்சும் விதம்

நான் தங்கியது எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மையாரின் வீட்டில். நான் கேட்டதற்காகவே ஒரு ஹாம் சமைத்துக் காட்டினார். அருங்காட்சியகத்தில் கண்டதை அவரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பட்டையில் முதலாளி பெயர் இருக்கிறது. உப்புத் தடவியவர் பெயர் எங்கே இருக்கிறது, பிள்ளை? என் பாட்டிக்குப் பாட்டி அடிமையாக இருந்தவர். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கைப்பக்குவம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.”

அந்தக் கைப்பக்குவம் இது.

நாட்டுமுறை ஹாமின் மேல் பூஞ்சை படிந்திருக்கும். கெட்டுப்போனது என்று எறியக் கூடாது. தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நம் வீட்டில் கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்குவது போலத்தான். பிறகு பெரிய பானையில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல், கிலோவுக்கு முக்கால் மணி நேரம் என்ற கணக்கில் மெல்லிய தீயில் வேகவைக்க வேண்டும். வெந்ததும் தோலை உரித்துவிட்டு, கொழுப்பின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும். சதையில் இறங்கினால் சாறு வடிந்துவிடும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கிராம்பு.

மூன்று கிலோ ஹாமுக்குப் பூச்சு: பழுப்புச் சீனி ஒரு கிண்ணம், கடுகுத்தூள் ஒரு மேசைக்கரண்டி, காடி இரண்டு மேசைக்கரண்டி, அன்னாசிச் சாறு அரைக் கிண்ணம். இவற்றை ஒன்றாகக் கலந்து, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. உப்புக் கரிக்கும் இறைச்சிக்குச் சீனி இதம். காடியும் அன்னாசியும் தரும் புளிப்புக் கொழுப்பின் திகட்டலை வெட்டும். கடுகு காரம் கொடுக்கும். கிராம்பு மணம் கொடுக்கும்.

“பூச்சை முதலிலேயே பூசிவிடக் கூடாது” என்றார் அம்மையார். காரணம் உண்டு. சீனி 160 பாகையைத் தாண்டும்போது நிறம் மாறி மணக்கத் தொடங்கும். சூடு அதற்கு மேலும் ஏறினால் கருகிக் கசக்கும். ஆகவே கடைசி அரை மணி நேரத்தில்தான் பூச வேண்டும். வெதுப்படுப்பை 200 பாகைக்குச் சூடேற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவை பூசினார். மூன்றாம் தடவை வெளியே எடுத்தபோது, எண்ணெய் தேய்த்த பித்தளைக் குத்துவிளக்கைப் போல அது மின்னியது.

ஒரு கிண்ணத்தில் மூன்று தோட்டம்

இனி அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் சீனி. வர்ஜீனியாவில் கரும்பு விளைவதில்லை. அந்நாளில் கரீபியன் தீவுகளிலிருந்து சீனியும் சர்க்கரைப்பாகும் வந்தன. வர்ஜீனியாவிலிருந்து உப்பிட்ட இறைச்சி போனது. 1779ஆம் ஆண்டிலேயே ஸ்மித்பீல்டு வணிகர் ஒருவர் அந்தத் தீவுகளுக்கு ஹாம் அனுப்பி விற்றிருக்கிறார். அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1834இல் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே! மொரிசியசுக்கும், 1838இல் கயானாவுக்கும் இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள்.

அதே கரும்புக்காகத்தான் நம்மவர்களும் மலாயாவுக்கு வந்தார்கள். ரப்பருக்கு முன் நம்மை இங்கே கொண்டுவந்தது கரும்பு என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இன்று செபராங் பிறை என்று வழங்கும் புரொவின்ஸ் வெல்லெஸ்லியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சஞ்சிக் கூலிகளாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் இறங்கினார்கள். நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா தோட்டம் அவற்றுள் ஒன்று. சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கரும்பு வெட்டிய கைகளே பால்மரம் சீவின.

அடுத்தது கிராம்பு. இதன் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் கைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்ததும், அங்கிருந்து கிராம்புக் கன்றுகளும் ஜாதிக்காய்க் கன்றுகளும் பினாங்குக்கு வந்தன. பாலிக் புலாவ் மலைச்சரிவில் கிராம்பு காய்ந்து மணப்பது அந்தக் கதையின் தொடர்ச்சி. ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவிலும் கிராம்பு வளர்ந்தது. அங்கே அதைப் பறித்தவர்கள் அடிமைகள். 1897 வரை அந்த நிலை நீடித்தது.

மூன்றாவது அன்னாசி. ஹாமின் மேல் அன்னாசி வளையங்களை அடுக்கிச் சுடும் வழக்கத்தை அமெரிக்கர்களிடையே பரப்பியது டப்பா அன்னாசி. ஹவாய்த் தீவுகளில் 1901இல் தொடங்கிய அன்னாசி நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. அங்கே காட்டில் உழைத்தவர்கள் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் போன தொழிலாளர்கள். நம் பக்கத்திலும் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் அன்னாசி டப்பாத் தொழில் செழித்திருந்தது. ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பால் தரும்வரை இடையில் அன்னாசி நடுவார்கள். பெக்கான் நானாஸ் என்ற ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது.

ஆகப் பண்டிகை மேசையில் மின்னும் அந்தப் பூச்சு மூன்று தோட்டங்களின் விளைச்சல். துரை வீட்டு விருந்தில் அதை ருசித்தவர்கள் உண்டு. விளைவித்தவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை.

நம் அடுப்பில்

இதை நம் வீட்டில் செய்ய வர்ஜீனியா ஹாம் வேண்டியதில்லை. சந்தையில் கிடைக்கும் வெந்த ஹாமுக்கு ஊறவைக்கும் வேலையும் இல்லை. சூடேற்றிப் பூச்சு பூசினால் போதும். பன்றி புழங்காத வீட்டில் ஒன்றரைக் கிலோ முழுக்கோழியை உப்பும் மிளகும் தடவிச் சுட்டு, அது வெந்த பிறகு, கடைசிக் கால் மணி நேரத்தில் பாதி அளவுப் பூச்சை இரண்டு தடவை பூசலாம். பழுப்புச் சீனிக்குப் பதில் குலா மலாக்காவைச் சீவிப் போட்டால் மணம் கூடும். பச்சை அன்னாசிச் சாற்றைக் காய்ச்சாமல் ஊற்ற வேண்டாம். அது இறைச்சியைக் குழைத்துவிடும். காய்ச்சிய சாறு அப்படிச் செய்யாது. சாப்பிடும் முன் கிராம்புகளை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் பல்லில் அகப்பட்டால் அழுதுவிடுவார்கள்.

வெதுப்படுப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் தணல் போட்டுக் கேக் சுட்ட கைகள் நம் தாய்மார்களுடையவை. அதே முறை இதற்கும் ஆகும்.

வரும் தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ இதைச் செய்து பரிமாறும்போது, “அம்மா, இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடையிலிருந்து என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நிபோங் திபாலில் கரும்பு வெட்டிய முப்பாட்டனைப் பற்றியும், ஜொகூரில் அன்னாசி முள்ளில் கை கிழிந்த பாட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்மித்பீல்டில் அந்த அம்மையாருக்குக் கிடைக்காமல் போன பெயர், நம் வீடுகளில் இன்னும் சில கிழவர் கிழவிகளின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.