காலின் மேல் விழுந்த பழி

மோட்டார் வண்டியின் உறுப்புகளில் கிளட்சைப் போல் கவனிப்பாரற்றது வேறொன்றில்லை. எஞ்சினைப் பற்றிப் பெருமை பேசுவோர் உண்டு. டயரைக் காலால் உதைத்துப் பார்க்காமல் பிரயாணம் புறப்படாதவர் உண்டு. ஹாரன் அடிப்பதற்காகவே வண்டி வாங்கினாரோ என்று எண்ணும்படி நடந்துகொள்ளும் கனவான்களும் உண்டு. கிளட்ச் மட்டும் இருட்டறையில் உட்கார்ந்து, கலியாணத் தரகரைப் போல, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் செய்துவைத்துக் கொண்டிருக்கிறது. சம்பந்தம் சுமுகமாக நடக்கும் வரையில் தரகரை யாரும் நினைப்பதில்லை. கோணல் ஏற்பட்டதோ, முதல் வசவு அவருக்கு. இரண்டாவது வசவு டிரைவருக்கு.

அந்த இரண்டாவது வசவைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அதற்கு முன்னால் கிளட்ச் என்பது இன்னதென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

எஞ்சினின் பின்முனையில் பிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதை ஒட்டினாற்போல், இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த ஒரு வட்டத் தகடு. இதுதான் கிளட்ச் பிளேட். இதற்குப் பின்னால், வில்களின் பலத்தைக் கொண்டு இதனைப் பிளைவீலோடு நெருக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட். பெடலை மிதிக்காதபோது மூன்றும் ஒன்றாகச் சுழலும். எஞ்சினின் சக்தி கியர் பெட்டிக்குச் செல்லும். பெடலை மிதித்தால் ஒரு வளையம் முன்னே நகர்ந்து வில்களை அமுக்கும். நடுவிலிருக்கும் தகடு விடுபடும். சகலமும் இந்த உராய்வை நம்பித்தான் நடக்கிறது. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் வைத்து அடித்திருந்ததைக் கண்டு உராய்வுப் பொருள்களில் ஆராய்ச்சி தொடங்கி, 1897-ஆம் ஆண்டில் அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டார். ஆக, இந்த வித்தையின் மூலபுருஷர்கள் வண்டியோட்டிகளே. அவர்கள் வழி வந்தவர்கள் மேல்தான் இன்று பழி விழுகிறது!

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சாலையில், நெல்லிக்குப்பத்தை அடுத்து இருக்கிறது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் அரைவை நடக்கும் மாதங்களில், எங்கள் சாலையில் மோட்டார் வண்டி ஓட்டுவது ஒரு தவம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். அதற்கு முன்னால் கரும்பு ஏற்றிய லாரி. நகர்வதும் நிற்பதும், நிற்பதும் நகர்வதுமாக ஒவ்வொரு பர்லாங்கிலும் கிளட்சை மிதித்தாக வேண்டும்.

என் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா, 1989-ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரையில் செய்யப்பட்ட வம்சத்தைச் சேர்ந்தது அது. எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர். கியர் பிடி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கிறது. வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் கடலூருக்கு அழைத்துப் போவது இந்த வண்டிதான். நெய்வேலியில் உத்தியோகத்திலிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் சுமந்து போவதும் இதுவே. இருபது வருஷத்துக்கு மேலாக இதை ஓட்டி வருபவர் ஒரே டிரைவர். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

சென்ற வருஷம் மாசி மாதத்தில் வண்டிக்குச் சுகவீனம் கண்டது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தது. வண்டி மட்டும் பாரமிழுக்கும் கிழ எருது போல் தயங்கியது. கூடவே ஒரு கருகல் நாற்றம். வெளியூரில் உள்ள ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டியபோது, அங்கே வண்டியின் அடியில்கூடக் குனிந்து பாராமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "டிரைவர் பெடலிலேயே காலை வைத்து ஓட்டுகிறார். பிளேட் தீய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்."

அண்ணா நல்லவர்தான், ஆனால் கோபம் வந்துவிட்டால் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆகிற செலவில் பாதியை டிரைவரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். டிரைவர் வாதாடவில்லை. "ஐயா, பணத்தைப் பிடிச்சுக்குங்க. ஆனா என் கால் மேல தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்த ஊர்ல யார் வண்டியில நான் உட்கார முடியும்?" என்று கேட்டுவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். இருபது வருஷத்து உறவு அந்தச் சாவியோடு அங்கேயே கிடந்தது. வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பண்ருட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் ஒரு தடவை காட்டுவோம் என்றேன். அண்ணா அரை மனதுடன் சம்மதித்தார்.

கிளட்சுக்கு வரும் நோய் பிரதானமாக இரண்டு. ஒன்றுக்கொன்று நேர் விரோதம். ஒன்று வழுக்குவது: பெடலை விட்ட பிறகும் தகடு இறுகப் பிடிக்காது. மற்றது விடாமை: பெடலை முழுதும் மிதித்தாலும் தகடு விடுபடாது. முன்னது ஆபத்துக் காலத்தில் கைநழுவும் சிநேகிதர். பின்னது விருந்து முடிந்தும் எழுந்திராத விருந்தாளி. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பணம் போகும்; நோய் போகாது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்தாலன்றிக் கிளட்ச் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ரண சிகிச்சைக்கு முன்னால் நாடி பார்ப்பது அவசியம்.

பட்டறைக்காரர் நாடி பார்த்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பெடலைக் கையால் அமுக்கினார். ஏறக்குறைய ஓர் அங்குலம் இலேசாக இறங்கி, பிறகே கனத்தது. இந்தத் தளர்ச்சி அறவே இல்லாதிருந்தால், யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். அப்போது ஒரு திருகைச் சரிசெய்வதோடு வைத்தியம் முடிந்துவிடலாம். இங்கே அந்தக் குறை இல்லை.

அடுத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பெடலை முழுதும் மிதித்து, ஐந்து எண்ணி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். பல்லோடு பல் உரசும் ஓசை எழவில்லை. ஆகவே விடாமை நோய் இல்லை. பெடலை மிதிக்கும்போது முனகல் கேட்டால், வில்லை அமுக்கும் வளையத்தில் கோளாறு. மிதிக்காதபோது கேட்டு, மிதித்ததும் அடங்கினால், கியர் பெட்டியின் முன்புறத்துப் பேரிங்கில் கோளாறு. இரண்டும் கேட்கவில்லை.

பிறகு வெறிச்சோடிய சாலையில் டாப் கியரில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினார். எஞ்சின் வீறிட்டது, வேகமானியின் முள் அசையவில்லை. வழுக்கல் ருசுவாயிற்று. கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, மேல் கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. நல்ல கிளட்சானால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். அதை அவர் செய்யவில்லை. "மூச்சு வாங்குறவனை ஓட விட்டுப் பார்க்கணுமா, சார்?" என்றார்.

வண்டி புறப்படும்போது ஏற்பட்ட ஒரு நடுக்கத்தை அவர் மனதில் வைத்துக்கொண்டிருந்தார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை ஆட்டிப் பார்த்தார், உறுதியாக இருந்தன. உடனே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். கிளட்சை மூடியிருக்கும் மணி போன்ற கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் தொங்கிய ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். கியர் எண்ணெய் கெட்டியாய்க் கந்தக வாடை வீசும். இதுவோ இளகிக் கறுத்திருந்தது.

"எஞ்சின் ஆயில், சார். பிளேட் தேயலே, எண்ணெய் குடிச்சிருக்கு."

மறுநாள் பிரித்தார்கள். பழைய பிளேட்களின் உராய்வுப் பொருளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆகையால் காற்றை ஊதாமல் ஈரத்துணி கொண்டு துடைத்தார்கள். பிறகு பட்டறைக்காரர் ஒவ்வொரு சாமானாக எடுத்து அண்ணாவின் முன்னால் கோணிமேல் வைத்தார். பிளேட்டின் உராய்வுப் பொருள் ஆணிகளுக்கு மேல் இன்னும் தாராளமாக இருந்தது; ஆனால் எண்ணெயில் ஊறிக் கன்னங்கரேலென்று பளபளத்தது. பெடலில் கால் வைத்தே ஓட்டியிருந்தால் பிளேட் ஆணி வரையில் தேய்ந்திருக்கும்; பிளைவீலில் சூடுபட்ட நீலத் திட்டுக்கள் தெரியும். பெடலைத் தொட்டுக்கொண்டேயிருக்கும் காலின் பாரத்தை முதலில் தாங்குவது வில்லை அமுக்கும் வளையம். இந்த வண்டியில் அது கரியால் ஆனது. அந்தக் கரி கால் பங்குகூடத் தேயவில்லை. அதைக் காட்டிலும் உண்மையான சாட்சி ஏது? டிரைவரின் பாதம் எத்தனை வருஷம் பெடலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது என்பதை அந்த வளையம் சொல்லிற்று.

எஞ்சினின் பின்முனையில் வயதின் காரணமாக ஏற்பட்ட கசிவே மூலகாரணம். அதை அடைக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால், சில மாதங்களில் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்திருக்கும். டிரைவரின் கால் இரண்டாம் முறையும் குற்றவாளியாகியிருக்கும். கசிவைச் சரிசெய்து, பிளேட்டை மட்டும் மாற்றினார்கள்.

பெடலில் காலை ஊன்றிக்கொண்டு ஓட்டுவதும், மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும் கெட்ட பழக்கங்கள் என்பதில் சந்தேகமில்லை. எத்தனையோ பிளேட்கள் அவ்விதம் தீய்ந்திருக்கின்றன. ஆனால் ஊரில் அநேகர் செய்யும் குற்றம் என்பதனால், கண்ணெதிரே இருப்பவரும் அதைச் செய்தார் என்று முடிவு கட்டிவிடலாமா? பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இதை ஞாபகத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் இரைந்து வண்டி நகராவிட்டால் பெடலின் தளர்ச்சியைப் பாருங்கள். ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் போதும். டிரைவரைக் கோபிப்பதற்கு அதற்கப்புறமும் பொழுது இருக்கும்.

அண்ணா மன்னிப்புக் கேட்கும் சுபாவமுள்ளவர் அல்லர். பட்டறைக்காரருக்குச் சேர வேண்டியதை எண்ணிக் கொடுத்தார். கோணிமேல் கிடந்த கரி வளையத்தை எடுத்துத் துடைத்து, அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று டிரைவரிடமே கேட்டார். இருபது வருஷத்தில் வண்டியைப் பற்றி அவரிடம் அண்ணா ஒரு சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. டிரைவர் கால் மணி நேரம் விளக்கிச் சொன்னார். அண்ணா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.