இரவல் இயந்திரம்

வீட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் வண்டியைத் தாமே செய்து ஓட்டுதல் ஆங்கிலேயரிடையே நெடுநாளாக நிலவிவரும் ஒரு பொழுதுபோக்காகும். 1957இல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'செவன்' என்னும் சிறுவண்டி உதிரிப் பாகங்களாகவும் விற்கப்பட்டது. 1996இல் றொன் சாம்பியன் என்பார் அத்தகைய வண்டியொன்றை 250 பவுண் செலவிற் செய்துகொள்ளும் முறையை ஒரு நூலாகவே எழுதினார். சதுர இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டகத்தை ஆக்கவேண்டும். இயந்திரம், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றைப் பழைய போர்ட் எஸ்கோர்ட் ஒன்றிலிருந்து கழற்றவேண்டும். இவ்வாறு உறுப்புகளை ஈந்து அழியும் வண்டியைக் 'கொடையாளி' எனப் பொருள்படும் சொல்லால் ஆங்கிலத்தில் அழைப்பர். அச்சொல் எனக்கு உவப்பானதன்று. காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

இங்கிலாந்தில் வாழும் என் தாய்மாமன் இரவு வேலை முடித்து வரும் பகற்பொழுதுகளில் இத்தகைய வண்டியொன்றைச் செய்து வருகின்றார். எஸ்கோர்ட் இப்போது சேகரிப்போரின் கைக்குச் சென்று விலை ஏறிவிட்டது. எனவே, எவரும் விரும்பாத ஒரு பழைய குடும்ப வண்டியின் டர்போ இயந்திரத்தை வாங்குவதென அவர் தீர்மானித்தார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற் செலவழிப்பதில்லை என்பது மாமிக்கு அவர் கொடுத்த வாக்கு. வரலாறு பயிலும் எனக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லைதான். ஆயினும் எந்த இயந்திரம் என்னும் வழக்கு தொலைபேசி வழியே ஓராண்டு நீடித்தபோது, அதன் ஒரே சாட்சியாக நானே இருந்தேன்.

டர்போவின் தத்துவம் எளிது. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சில்லைச் சுழற்றுகின்றது. அச்சில்லோடு ஒரே தண்டிற் பூட்டிய மற்றொன்று காற்றை அமுக்கி உருளைகளுட் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகும், வலுவும் மிகும். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். உருளைக்குள் அது மேலும் நெருக்கப்படும்போது, பொறி தொடங்கிய தீ பரவிச் சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்து, இரும்பிற் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும். மெக்கானிக்மார் இதனை 'நொக்கிங்' என்பர்; பிஸ்ரனைத் தின்னும் நோய் இது. இதனைத் தவிர்க்கவே டர்போ இயந்திரங்களின் நெருக்கல் விகிதத்தைக் குறைத்துச் செய்வர். வொல்வோவின் 2.3 லீற்றர் இயந்திரத்தில் டர்போ இல்லாதபோது இவ்விகிதம் 9.8, டர்போ பூட்டியபோது 8.7.

இதனை மாமா எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது எங்கள் பாட்டனாரின் ஒஸ்ரின் ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு முதலில் இயக்குவர். அந்தப் பழைய இயந்திரத்தின் நெருக்கல் விகிதம் ஏழுக்குச் சற்று மேல் என்பதாலேயே அது மண்ணெண்ணெயைச் சகித்தது. அப்படியிருந்தும் ஏற்றத்திலும் பாரத்திலும் தட்டும். தட்டல் கேட்டவுடன் காலை எடுக்கவேண்டும் என்பது பதினாறு வயதில் மாமா கற்ற பாடம். எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வழிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துவிடும் என்பது மற்றொரு பாடம். அதனால் பாட்டனார் சோற்றுக்கு அரிசி பார்ப்பதற்கு முன் எண்ணெய்க் கோலைப் பார்ப்பாராம். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலும் டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கின்றது என்பதை நோக்குமிடத்து, அப்பழக்கம் எத்துணை பொருத்தமானது!

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஏ-40 கொட்டிலில் நின்றது. மறு ஆண்டு திரும்பியபோது உடல் நின்றது, இயந்திரம் இல்லை. கழற்றியவர் யாரென எவரும் அறியார். எங்கள் வண்டியும் எவருக்கோ கொடையாளியாயிற்று என்று அம்மா இன்றும் சொல்வதுண்டு.

வழக்குக்கு வருவோம். நண்பர்கள் மாமாவுக்குப் பரிந்துரைத்தது வொக்ஸ்வாகன், அவுடி வண்டிகளில் வந்த 1.8 லீற்றர் டர்போ. உருளைக்கு ஐந்து வால்வுகள், 150 பரிவலு, கழிவு வண்டிச் சந்தையில் தாராளமாகக் கிடைப்பது. ஆயின் அது முன்சில்லுகளை இயக்கும் வண்டிகளுக்காகவே பெரும்பாலும் அமைந்தது. நெடுவாக்கிற் பொருத்திய வகையிலும் கியர்ப்பெட்டி முன் அச்சோடு ஒன்றாக இணைந்திருக்கும். பின்சில்லை இயக்கும் வண்டிக்கு வேறு பெட்டியும் இடைத்தகடும் தேடவேண்டும். சாவியின் குறியீட்டை அறிந்தாலன்றி அதன் கணினி இயங்க விடாது. "எஞ்சினைக் காசு குடுத்து வாங்கலாம், பிள்ளை. வயரையும் மூளையையும் ஆர் தாறது?" என்றார் மாமா. அவர் தேடியது இயந்திரமன்று, முழு வண்டி. வயர், கணினி, கியர்ப்பெட்டி, எரிபொருட் பம்பி யாவும் ஒன்றையொன்று அறிந்தவையாக இருத்தல் வேண்டும்; கழற்றுமுன் அதை ஓட்டியும் கேட்கவேண்டும். இவ்விடயத்தில் நான் முற்றாக அவர் பக்கமே. தனியே விற்கும் இயந்திரத்தின் விலை அதன் விலையில் பாதி கூட அன்று.

ஈற்றில் பின்புறம் மோதுண்ட 1990களின் தொடக்கத்து வொல்வோ 940 ஒன்று கிடைத்தது. சுமார் 160 பரிவலு, வார்ப்பிரும்பு உடல், நெடுவாக்கிற் பொருத்தி, பின்சில்லை இயக்குவது, குறியீட்டுப் பூட்டு இல்லை. தட்டலைக் கேட்டு மின்பொறியைப் பிந்தச்செய்யும் உணரியொன்றும் உண்டு. தம் காதுக்கு ஒரு துணை என மாமா மகிழ்ந்தார். குறைகளும் இல்லாமலில்லை. இயந்திரம் பாரமானது, உயரமானது. முன்மூடியில் ஒரு துளை வெட்டி மேடு வைக்கவேண்டியதாயிற்று. அழகு கெட்டது என்பது என் கருத்து, அவர் ஒப்பவில்லை. பின் அச்சு அகலமாகையால் வேறொன்று வாங்க நேர்ந்தது. வாக்கை மீறவைத்த அந்தச் செலவை, கதவுகளையும் இருக்கைகளையும் விற்று ஈடுசெய்தார். ஏறத்தாழ 1400 கிலோ வண்டியை இழுத்த இயந்திரம் அதன் பாதிக்கும் குறைந்த பாரத்தை இழுக்கவிருப்பதால், காற்றமுக்கத்தைக் கூட்டுவதில்லை என்றும் முடிவு செய்தார். வீட்டிற் செய்த வண்டிகளுக்கு 2009 முதல் அங்கு நடைமுறையிலுள்ள தனிவண்டிப் பரிசோதனை மட்டும் எஞ்சியுள்ளது.

கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எனக்குப் படம் அனுப்பியவர் அவர். வெற்றுடலைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிச்சென்ற அன்று படம் எதுவும் வரவில்லை.