ரசீதில் தெரியாத எடை

மாதாப்பூர் ஏற்றத்தில், நள்ளிரவில், விசாகப்பட்டினத்துக் கம்பி ஏற்றிவந்த நாமக்கல் டிரைவருக்கு ஸ்டியரிங் பஞ்சாய் லேசானது. ஓரம் கட்டிவிட்டார். எடைமேடை ரசீதில் குறையில்லை. மொத்த எடை சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

கோளாறு 'ஃபிப்த் வீலில்'. பெயர்தான் சக்கரம், உண்மையில், டிரெய்லரின் கிங்பின் வந்து பூட்டிக்கொள்ளும் கிரீஸ் பூசிய இரும்புத் தட்டு. அது பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடைவெளி 3.6 மீட்டர், தட்டின் மேல் சுமை 9 டன் என்றால், 60 செ.மீ. முன்தள்ளிய தட்டு ஒன்றரை டன்னை முன்சக்கரங்களுக்குத் தரும். பின் ஆக்ஸிலுக்கு நேர்மேலே இருந்தால் ஒன்றும் தராது. அதையும் தாண்டிப் பின்னே போனால் முன்பக்கம் தூக்கும். திருப்பத்தில் புது டிரெய்லர் கேபினில் இடிக்கிறதென்று முதலாளி செய்திருந்தது இதைத்தான்.

நான்கு டயர் ஒற்றை ஆக்ஸிலின் வரம்பை மத்திய அரசு 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக்கியது. அதிக பாரத்துக்கான அபராதம் 2019 சட்டத் திருத்தத்தில் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. வண்டியை முழுசாக நிறுத்தி எடை போடும் மேடைக்கோ, எந்த ஆக்ஸில் எவ்வளவு சுமக்கிறதென்று தெரியாது.

போனில் முதலாளி ரசீதைப் பார்க்கச் சொன்னார்.

"ரசீது சரியாத்தான் இருக்கு முதலாளி. வண்டிதான் திரும்ப மாட்டேங்குது" என்றவர், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.